ஒரு எட்டு

தலைக்கு முந்நூறு ரூபாய், டீயும் பஜ்ஜியும் சேர்த்து.
ஒண்டிக்கடை முக்கில் ஏழு மணிக்குக் கூடுகிறோம்.
வாரநாட்களில் மிளகுக் குடோனில் மூட்டை எண்ணுகிறவள் நான்.
சனிக்கிழமை மட்டும்
கழுத்தில் அட்டை, கையில் குடை,
வாயில் வெள்ளைக்காரன்.

இன்று ஆறு பேர்.
ஃபேர்லேண்ட்ஸ் பல் டாக்டர், அவர் மனைவி,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை அண்ணன் தம்பி,
வீடியோ எடுக்க வந்த ஜாகிதா.
பிறகு, இரும்பாலைக்கு ஏதோ உருளை பொருத்த வந்து
லீவு கிடைத்த ஜப்பான்காரர்.
பெயர் இவனாகா.
"இவன்... ஆகா!" என்று பிரித்துப் பார்த்துச்
சிரித்தான் தம்பி.

முதலில் பங்களா.
காம்பவுண்டுக்கு வெளியே நின்றுதான் காட்டவேண்டும்,
உள்ளே ஈரோட்டுக்காரர் நாய் வளர்க்கிறார்.
புகைபோக்கியைப் பாருங்கள் என்றேன்,
குளிருக்கு அல்ல,
ஊர் ஞாபகத்துக்குக் கட்டியது.
டாக்டர் குறித்துக்கொண்டார்.

மழை பெய்து ஒன்பதாம் நாள்.
சரிவெல்லாம் காப்பி பூத்துக் கிடந்தது.
காப்பி அவர்கள் கொண்டுவந்தது,
சில்வர் ஓக்கும் அவர்கள் கொண்டுவந்தது,
மிளகு நம்முடையது,
ஏறுவதற்குத்தான் அவர்கள் மரம்.
இதை நான் சொல்லவில்லை.
நடக்கும்போது தோன்றுவதையெல்லாம் சொன்னால்
டீ ஆறிவிடும்.

"வாங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."
முள்வேலி தாண்டி ஒற்றைக் கல்லறை.
பெயரைப் பாசி தின்றுவிட்டது,
ஆண்டில் ஓர் எட்டு மட்டும் மிச்சம்.

இங்கேதான் குரலைத் தாழ்த்துவேன்.
துரைசாணி காய்ச்சலில் போனாள்.
துரை பதினோரு வருடம்
சாயங்காலம் தவறாமல்
ஓர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்தார்.
அதில் ஒரு விதை முளைத்ததுதான்
இதோ, இந்த மரம்.

டாக்டர் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.
ஜாகிதா கேமராவை மெல்ல
வேரிலிருந்து கிளைக்கு உயர்த்தினாள்.
மரம் பஞ்சாயத்து வைத்தது.

எல்லோரும் பஜ்ஜி வாசனைக்கு நடக்க
இவனாகா பின்தங்கினார்.
இங்கிலீஷ் அவருக்கு அரை, எனக்கு அரை.
"ஆரஞ்சு... நிஜமா?"
நான் செருப்பைப் பார்த்தேன்.

பர்ஸிலிருந்து ஓர் அட்டை எடுத்தார்.
அவர் படம், அவர் ஊர் எழுத்து,
என்னுடையதைப் போலவே நீலக் கயிறு.
"நானும்தான். ஞாயிற்றுக்கிழமை."

கடலோர ஊராம். ஒல்லாந்தர் கப்பல் வந்த துறையாம்.
படிக்கட்டு, கிணறு, வளைந்து ஏறும் ஒரு சுவர்,
கொடி பிடித்து ஆட்களைக் கூட்டிப்போவாராம்.
அங்கே ஒல்லாந்தர் கல்லில் ஒரு கிடங்கு கட்டி
முகப்பில் வருடம் பொறித்தார்களாம்,
கிறிஸ்து பிறந்து இத்தனையாவது என்று.
அதைச் சொல்லியே இடிக்க உத்தரவு வந்ததாம்.
இடித்தார்களாம், கட்டியவர்களே.

"நாலு எண்," விரல் மடக்கினார்.
"இது நிஜம். சொன்னால் மணி பார்ப்பார்கள்.
அப்புறம் சுவர் பக்கம் ஒரு பெண்,
ஒரு மாலுமி, ஒரு சீப்பு.
அது நான் செய்தது.
அழுவார்கள்."

யாரென்று தெரியாதவர் தலைமாட்டில் நின்று
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
பிறகு அவர் சட்டென்று நிமிர்ந்து
கல்லைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார்.
நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்
கை கூப்பினேன்.

அடுத்த சனி, திண்டுக்கல்லிலிருந்து ஒரு வேன் நிறைய.
குரலைத் தாழ்த்தினேன், பழக்கம்.
"இது யாருன்னு தெரியாது.
ஒரு எட்டு இருக்கு, பாருங்க."

காற்றில் ஓக் இலைகள் திரும்பி
அடிப்பக்க வெள்ளியைக் காட்டின.
"அப்புறம்?" என்றார் பின்னால் ஒருவர்.
"அப்புறம் டீ."

ஒரு பையன் மட்டும் குந்தி உட்கார்ந்து
எட்டுக்குள் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.
ஏறி, திரும்பி, இறங்கி, மறுபடி திரும்பி.
"அக்கா, நாம வந்த ரோடு" என்றான்.